உள்ளே பார்த்தால் தெரியாதவை

ஒருவர் தன் செயலுக்குச் சொல்லும் காரணம் வேறாகவும், அந்தச் செயலைத் தூண்டிய காரணம் வேறாகவும் இருப்பது மிகச் சாதாரணம். பொய் சொல்லும் எண்ணம் துளியும் இல்லாதபோதும் இது நடக்கிறது. இதைச் சான்றுகளோடு எடுத்துவைத்த கட்டுரை 1977இல் ‘சைக்கலாஜிக்கல் ரிவ்யூ’ இதழில் வெளியானது. எழுதியவர்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் அவரிடம் படித்த திமோதி வில்சனும். அவர்கள் விவரித்த சோதனைகளில் ஒன்று ஒரு கடையில் நடந்தது. நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, இவற்றில் எது தரமானது என்று அங்கே வந்தவர்களிடம் கேட்டார்கள். நான்கும் ஒரே ரகம், ஒரே தரம். இம்மியளவும் வேறுபாடு கிடையாது. ஆனாலும் இடக்கோடியில் இருந்ததை 12 சதவீதம் பேரும், அடுத்ததை 17 சதவீதம் பேரும், மூன்றாவதை 31 சதவீதம் பேரும், வலக்கோடியில் இருந்ததை 40 சதவீதம் பேரும் தேர்ந்தெடுத்தார்கள். தேர்வைத் தீர்மானித்தது பொருள் இருந்த இடம். ஏன் இதை எடுத்தீர்கள் என்று கேட்டால், இடத்தை யாரும் குறிப்பிடவில்லை. இடம் ஒரு காரணமாக இருக்குமா என்று நேராகவே கேட்டபோது ஏறக்குறைய எல்லாரும் மறுத்தார்கள். கேட்டவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்பதுபோலப் பார்த்தவர்களும் உண்டு.

இதற்கு 46 ஆண்டுகளுக்கு முன்பே உளவியலாளர் நார்மன் மேயர் இன்னொரு வகையில் இதைக் கண்டிருந்தார். கூரையிலிருந்து இரண்டு கயிறுகள் தொங்குகின்றன. இரண்டின் நுனிகளையும் சேர்த்து முடிச்சுப் போட வேண்டும். ஒன்றைப் பிடித்துக்கொண்டு நடந்தால் மற்றது கைக்கு எட்டாது. ஒரு கயிற்றின் நுனியில் கனமான பொருளைக் கட்டி ஊசலாட விடுவது ஒரு தீர்வு. அது தோன்றாமல் திணறியவர்களின் அருகே மேயர் நடந்துபோய், தற்செயல்போல ஒரு கயிற்றை லேசாக ஆட்டிவிட்டார். பலருக்கு ஒரு நிமிடத்துக்குள் விடை பிடிபட்டது. எப்படித் தோன்றியது என்று கேட்டபோது, திடீரென்று தோன்றியது என்றும், இயற்பியல் பாடம் நினைவுக்கு வந்தது என்றும் சொன்னார்கள். கயிறு ஆடியதைச் சொன்னவர்கள் சிலரே.

நிஸ்பெட், வில்சன் கட்டுரையின் ஆழமான பகுதி இந்தச் சோதனைகளைத் தாண்டிய ஒரு கவனிப்பில் இருக்கிறது. சோதனையில் கலந்துகொண்டவர்கள் தம் நடத்தைக்குச் சொன்ன காரணங்களையும், அந்தச் சூழ்நிலையைச் சொல்லக் கேட்ட வேறு ஆட்கள் ஊகித்துச் சொன்ன காரணங்களையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. அந்த மனத்துக்குள் இருந்தவருக்குக் கூடுதலாக ஒன்றும் தெரியவில்லை. “எதற்கு எது காரணமாக இருக்கும்” என்று ஊரில் பொதுவாக நிலவும் கருத்தை எடுத்து இருவருமே பொருத்திக்கொண்டார்கள். ஒருவர் உள்ளே பார்த்துச் சொல்வதாக நினைக்கிறார். உண்மையில் வெளியிலிருந்து ஊகிக்கிறார்.

இந்த முடிவுக்கு ஒரு வரம்பு உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் செய்தி திரிந்துவிடும். ஆண்டர்ஸ் எரிக்சனும் ஹெர்பர்ட் சைமனும் 1980இல் காட்டியதுபோல, ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் மனிதர்கள் ஓரளவு நம்பகமாகவே சொல்கிறார்கள். இப்போது கவனத்தில் இருப்பது எது, எங்கே வலிக்கிறது, எதைப் பார்த்து அச்சம் வருகிறது என்பதெல்லாம் உள்ளே இருப்பவருக்குத்தான் தெரியும். தடுமாற்றம் வருவது ‘ஏன்’ என்ற கேள்வியில்.

மூளையில் இந்த ‘ஏன்’ எப்படித் தயாராகிறது என்பதற்கு ஒரு தடயத்தை மைக்கேல் கசானிகாவும் ஜோசப் லெடூவும் 1970களில் கண்டார்கள். கடும் வலிப்பு நோய்க்கு மருத்துவமாக, மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றை சிலருக்கு வெட்டப்பட்டிருந்தது. அப்படிப்பட்ட ஓர் இளைஞரின் இடது மூளைக்குக் கோழிக்காலின் படமும், வலது மூளைக்குப் பனி மூடிய வீட்டின் படமும் மட்டும் தெரியும்படி காட்டினார்கள். பிறகு, பொருத்தமான அட்டைகளை எடுக்கச் சொன்னபோது வலக்கை கோழியையும் இடக்கை மண்வாரியையும் காட்டின. பேசுவது இடது மூளை. அதற்குப் பனி தெரியாது. ஆனாலும் அவர் தயங்கவில்லை. கோழிக்கால் கோழிக்குப் பொருந்துகிறது, கோழிக்கூட்டைச் சுத்தம் செய்ய மண்வாரி வேண்டும் என்று விளக்கம் தந்தார். ‘தெரியவில்லை’ என்று நிற்கவேண்டிய இடத்தில் கோவையான ஒரு கதை பிறந்தது.

மூளை முழுமையாக இருப்பவர்களும் இதற்கு விலக்கில்லை. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெட்டர் யோஹான்சன், லார்ஸ் ஹால் குழுவினர் 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட சோதனையில், இரண்டு முகப்படங்களைக் காட்டி எது பிடித்திருக்கிறது என்று கேட்டார்கள். சில சுற்றுகளில், சீட்டு வித்தைக்காரரின் கைத்திறத்தால், தேர்ந்தெடுக்காத படத்தை அவர்கள் கையில் கொடுத்து ஏன் இது பிடித்தது என்று விசாரித்தார்கள். பெரும்பாலான சுற்றுகளில் மாற்றம் கண்டுபிடிக்கப்படவே இல்லை. தாம் எடுக்காத முகத்துக்கு, அதில் மட்டுமே இருந்த அம்சங்களைச் சுட்டி, காரணம் சொன்னார்கள். பின்னர் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஜாம், தேநீர் வகைகளை வைத்து இதே சோதனையைச் செய்தபோதும் மாற்றம் பிடிபட்ட சுற்றுகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இல்லை.

காரணத்தைத் தோண்டினால் நடப்பது

அப்படியானால் இன்னும் ஆழமாக உள்ளே பார்க்கலாமே என்று தோன்றும். வில்சன் 1993இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையைத்தான் சோதித்தது. கல்லூரி மாணவர்களுக்குச் சில சுவரொட்டிப் படங்களைக் காட்டி, பிடித்த ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போகச் சொன்னார்கள். சில, புகழ்பெற்ற ஓவியங்களின் அச்சுப் படிகள்; மற்றவை வேடிக்கையான வாசகம் கொண்டவை. ஒரு பிரிவினர் மட்டும், ஒவ்வொன்றும் ஏன் பிடிக்கிறது அல்லது பிடிக்கவில்லை என்று முதலில் எழுத வேண்டும். எழுதாதவர்களில் மிகப் பெரும்பாலோர் ஓவியங்களை எடுத்தார்கள். எழுதியவர்களிடையே வேடிக்கைப் படங்களை எடுத்தவர்கள் கூடினார்கள். சில வாரங்கள் கழித்துத் தொலைபேசியில் விசாரித்தபோது, காரணம் எழுதித் தேர்ந்தெடுத்தவர்களுக்குத் தம் தேர்வில் திருப்தி குறைவாக இருந்தது. ஓர் ஓவியம் ஏன் மனத்தைத் தொடுகிறது என்று சொல்ல வார்த்தை கிடைப்பது கடினம்; நகைச்சுவை ஏன் பிடிக்கிறது என்று சொல்வது எளிது. சொல்ல எளிதாக வந்தது எதுவோ அதுவே தம் விருப்பம் என்று அவர்கள் நம்பிவிட்டார்கள்.

நினைவாற்றலைப் பற்றிய மதிப்பீட்டிலும் இப்படியே ஏமாற்றம் நேர்கிறது. தேர்வுக்குப் படிக்கும் ஒவ்வொரு மாணவரையும் தொடும் விஷயம் இது. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கேயும் 2006இல் ஓர் உரைநடைப் பகுதியை ஒரு குழுவுக்கு நான்கு அமர்வுகளில் படிக்கக் கொடுத்தார்கள். இன்னொரு குழு ஒரே அமர்வில் படித்துவிட்டு, புத்தகத்தைப் பார்க்காமல் மூன்று முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னணியில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது: படித்தவர்களுக்கு நினைவில் நின்றது சுமார் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 61 சதவீதம். ஆனால், ஒரு வாரத்துக்குப் பின் எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது கூடுதல் நம்பிக்கையோடு இருந்தவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான். படிக்கும்போது வரிகள் தடையின்றி ஓடுவதை அவர்கள் ‘தெரிந்துவிட்டது’ என்று எடுத்துக்கொண்டார்கள். எழுதிப் பார்க்கையில் வரும் திணறல் மனத்துக்குத் தோல்விபோலத் தோன்றுகிறது. கற்றல் நடப்பது அந்தத் திணறலில். நம் பள்ளிகளில் இன்னும் எத்தனையோ பிள்ளைகள், நன்றாகப் படித்தும் மறந்துவிட்டதே என்று தம் மூளையை நொந்துகொள்கிறார்கள். குறை மூளையில் இல்லை, படிக்கும் முறையில் இருக்கிறது என்பதை அவர்களுக்கு யாரேனும் சொல்லியாக வேண்டும்.

பொருள்கள் இயங்கும் விதம் தெரியும் என்ற நம்பிக்கையும் இதே வகையைச் சேர்ந்தது. யேல் பல்கலைக்கழகத்தின் லியோனிட் ரோசன்பிளிட், ஃபிராங்க் கீல் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஜிப், பூட்டு, கழிவறைத் தொட்டி போன்றவை எப்படி இயங்குகின்றன என்பது எந்த அளவு தெரியும் என்று கேட்டு மதிப்பெண் போடச் சொன்னார்கள். தாராளமாகப் போட்டார்கள். பிறகு, படிப்படியாக விளக்கி எழுதச் சொல்லி மறுபடி கேட்டபோது மதிப்பெண் சரிந்தது. எழுத உட்கார்ந்த பிறகே தெரியாதது தெரிந்தது.

எல்லாரும் சராசரிக்கு மேலே

தம்மைப் பற்றிய மதிப்பீடு தவறும்போது, அது பெரும்பாலும் ஒரே பக்கமாகச் சாய்கிறது. 1981இல் ஓலா ஸ்வென்சன் வெளியிட்ட ஆய்வில், வாகனம் ஓட்டும் திறமையில் தாம் நடு நிலைக்கு மேலே என்று சொன்னவர்கள் அமெரிக்க மாணவர்களில் 93 சதவீதம், சுவீடன் மாணவர்களில் 69 சதவீதம். நடு நிலைக்கு மேலே பாதிப் பேர்தான் இருக்க முடியும். 1979இல் மைக்கேல் ராஸும் ஃபியோர் சிகோலியும் கணவன், மனைவி இருவரிடமும் தனித்தனியாக, வீட்டு வேலைகளில் தம் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலான வேலைகளில் நூறு சதவீதத்தைத் தாண்டியது. சண்டை போன்ற பாராட்டுக்குரியவை அல்லாத விஷயங்களிலும் இது தென்பட்டது என்பதால், தற்பெருமை ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. தாம் செய்தது தமக்கு நினைவிருக்கிறது. மற்றவர் செய்தபோது பல நேரம் தாம் பார்க்கவே இல்லை. வீடுகளில் நடக்கும் எத்தனை வழக்குகளில் இரண்டு தரப்பும் உண்மையையே பேசுகின்றன என்பதை இந்த ஒரு கண்டுபிடிப்பு புரியவைக்கிறது.

இந்தத் துறையில் மிகப் புகழ்பெற்றதும், மிகத் தவறாகப் பரவியதும் ‘டன்னிங்-க்ரூகர் விளைவு’. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜஸ்டின் க்ரூகரும் டேவிட் டன்னிங்கும் 1999இல் மாணவர்களுக்கு நகைச்சுவை உணர்வு, தர்க்கம், இலக்கணம் ஆகியவற்றில் தேர்வு வைத்து, தம் இடம் எது என்று ஊகிக்கச் சொன்னார்கள். கடைசிக் கால் பகுதியில் இருந்தவர்கள், நூறு பேர் வரிசையில் சராசரியாக அடியிலிருந்து 12ஆம் இடத்தில் இருந்தார்கள். தாம் 62ஆம் இடத்தில் இருப்பதாக நினைத்தார்கள். ஒரு வேலையைச் சரியாகச் செய்யத் தேவைப்படும் திறமையே, சரியாகச் செய்தோமா என்று கண்டறியவும் தேவைப்படுகிறது. ஆகவே திறமை குறைந்தவருக்கு இரட்டைச் சுமை என்பது அவர்கள் தந்த விளக்கம்.

விளக்கம் அழகானது. ஆனால் புள்ளிவிவர அறிஞர்கள் கேள்வி எழுப்பினார்கள். எல்லாரும் தம்மைச் சராசரிக்குச் சற்று மேலே மதிப்பிட்டு, அந்த மதிப்பீட்டில் தற்செயல் பிழையும் கலந்திருந்தால், கீழே உள்ளவர்களின் மிகைமதிப்பீடு தானாகவே பெரிதாகத் தெரியும். வெறும் தற்செயல் எண்களைக் கொண்டே அதே போன்ற வரைபடத்தை எட்வர்ட் நூஃபர் குழுவினர் வரைந்து காட்டினார்கள். 2020இல் ஜில்ஸ் ஜிக்னாக்கும் மார்சின் ஸயென்கோவ்ஸ்கியும் வேறு புள்ளியியல் முறைகளில் அறிவுத்திறன் தரவுகளைப் பார்த்தபோது அந்த விளைவு ஏறக்குறைய மறைந்துபோனது. விவாதம் முடிந்துவிடவில்லை. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: அரைகுறையாகக் கற்றவரின் நம்பிக்கை மலையுச்சிக்கு ஏறிப் பின் பள்ளத்தில் விழுவதாகச் சமூக ஊடகங்களில் சுற்றும் வளைகோட்டுப் படம் 1999ஆம் ஆண்டுக் கட்டுரையில் இல்லை. பிறரை முட்டாள் என்று சொல்ல இந்தப் பெயரைக் கையாளுகிறவர்கள், ஆய்வு கீழ்க் கால் பகுதியில் இருந்தவர்களின் தவறை மட்டும் சொல்லவில்லை என்பதையும் மறந்துவிடுகிறார்கள். மேல் கால் பகுதியில் இருந்தவர்களும் தம் இடத்தைத் தவறாகவே, குறைத்து, மதிப்பிட்டிருந்தார்கள்.

இப்படிப்பட்ட சாய்வுகளைப் பற்றிப் படித்துவிட்டால் தப்பிக்கலாமா? எமிலி ப்ரோனின், டேனியல் லின், லீ ராஸ் மூவரும் 2002இல் அமெரிக்கர்களிடம் பல்வேறு சிந்தனைச் சாய்வுகளை விவரித்து, இவை சராசரி அமெரிக்கரிடம் எவ்வளவு, உங்களிடம் எவ்வளவு என்று கேட்டார்கள். எல்லாச் சாய்வுகளும் மற்றவர்களிடம் கூடுதலாகவும் தம்மிடம் குறைவாகவும் இருப்பதாகவே பதில் வந்தது. ப்ரோனின் தரும் காரணம் முந்தைய ஆய்வுகளோடு நேராகப் போய்ச் சேர்கிறது. பிறரை மதிப்பிடும்போது அவர்கள் நடந்துகொண்ட விதத்தைப் பார்க்கிறோம். நம்மை மதிப்பிடும்போது நம் உள்நோக்கத்தைப் பார்க்கிறோம். சாய்வு உள்நோக்கத்தில் இருப்பதில்லை என்பதால் உள்ளே தேடினால் அது அகப்படாது. அகப்படாததால் இல்லை என்று முடிவு கட்டுகிறோம். அறிவுக்கூர்மையும் இதற்குக் காப்பாக அமைவதில்லை: ரிச்சர்ட் வெஸ்ட், கீத் ஸ்டானோவிச் குழுவினர் 2012இல் பார்த்தபோது, அறிவுத்திறன் கூடியவர்களிடம், தம் சாய்வைத் தாம் காணாத இந்தக் குருட்டுப் புள்ளி சிறிதும் குறைந்திருக்கவில்லை.

நல்லெண்ணமும் போதாது. சார்ல்ஸ் லார்ட், லீ ராஸ், மார்க் லெப்பர் மூவரும் 1979இல் மரண தண்டனையை ஆதரிக்கும் மாணவர்களையும் எதிர்க்கும் மாணவர்களையும் எடுத்துக்கொண்டு, தண்டனை குற்றத்தைக் குறைக்கிறது என்று ஓர் ஆய்வையும், குறைக்கவில்லை என்று ஓர் ஆய்வையும் இரு தரப்புக்கும் படிக்கக் கொடுத்தார்கள். தம் கருத்துக்குச் சாதகமான ஆய்வு நன்றாகச் செய்யப்பட்டிருப்பதாகவும் மற்றதில் ஓட்டைகள் இருப்பதாகவும் இரு தரப்பும் கண்டார்கள். 1984இல் லார்டும் லெப்பரும் எலிசபெத் பிரஸ்டனும் இதை மறுபடி செய்து, ஒரு குழுவிடம் நடுநிலையோடு, நீதிபதிபோல இருங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். பயனில்லை. இன்னொரு குழுவிடம், இதே ஆய்வு இதே முறையில் செய்யப்பட்டு எதிரான முடிவைத் தந்திருந்தால் இதை எப்படி மதிப்பிட்டிருப்பீர்கள் என்று ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணிப் பார்க்கச் சொன்னார்கள். சாய்வு மறைந்தது. நேர்மையாக இரு என்ற அறிவுரைக்கும், இந்த ஒரு கேள்வியைக் கேள் என்ற வழிமுறைக்கும் இடையே இருக்கும் தூரம் இந்தத் துறை முழுவதற்கும் பொருந்தும்.

வெளியிலிருந்து வரும் தன்னறிவு

உளவியலாளர் டேனியல் கானமன் பலமுறை சொன்ன ஓர் அனுபவம் இங்கே பொருத்தமானது. 1970களில் இஸ்ரேலில், பள்ளிகளில் முடிவெடுக்கும் முறையைக் கற்பிப்பதற்கான பாடநூல் ஒன்றை எழுதும் குழுவில் அவர் இருந்தார். எப்போது முடியும் என்று ஆளுக்கொரு தாளில் எழுதியபோது எல்லாருடைய ஊகமும் இரண்டு ஆண்டுகளை ஒட்டியே இருந்தது. பாடத்திட்ட வல்லுநராக அந்தக் குழுவில் இருந்தவரிடம், இதே போன்ற மற்றக் குழுக்களுக்கு எவ்வளவு காலம் ஆனது என்று கானமன் கேட்டார். அவர் யோசித்து, சுமார் 40 சதவீதக் குழுக்கள் முடிக்கவே இல்லை, முடித்தவற்றில் எதுவும் ஏழு ஆண்டுகளுக்குக் குறைவாக எடுத்துக்கொள்ளவில்லை என்றார். சற்று முன் இரண்டு ஆண்டு என்று எழுதியவர்களில் அவரும் ஒருவர். விவரம் அவருக்குள்ளேயே இருந்தது. தம் குழுவைப் பற்றிச் சிந்திக்கும்போது அது எட்டிப்பார்க்கவில்லை. கேட்ட பிறகும் குழு வேலையைத் தொடர்ந்தது. நூல் எட்டு ஆண்டுகளில் முடிந்தது. அதற்குள் கல்வி அமைச்சகம் ஆர்வம் இழந்துவிட, அது பயன்படுத்தப்படவே இல்லை.

கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் இதற்குத் ‘திட்டமிடல் பிழை’ என்று பெயரிட்டார்கள். ரோஜர் பூயலர் குழுவினர் 1994இல் ஆய்வேட்டை முடிக்கும் நிலையிலிருந்த மாணவர்களை விசாரித்தபோது சராசரி ஊகம் சுமார் 34 நாள். ஆனது சுமார் 55 நாள். 1963இல் முடியும், 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் ஆகும் என்று கணக்கிடப்பட்ட சிட்னி ஆப்பரா ஹவுஸ் திறக்கப்பட்டது 1973இல்; செலவு 10 கோடியே 20 லட்சம் டாலர். இதற்கான மருந்து கானமன் கேட்ட அந்தக் கேள்விதான். தம் திட்டத்தின் சிறப்புகளை விட்டுவிட்டு, அதே வகையான மற்றத் திட்டங்கள் எப்படி முடிந்தன என்ற பதிவேட்டைப் பார்ப்பது. பிரிட்டன் அரசின் திட்ட மதிப்பீட்டு நெறிமுறைகளில் இது இப்போது ஓர் அங்கம்.

பதிவேட்டின் பலனை வானிலைக் கணிப்பிலும் பார்க்கலாம். மழை வர 70 சதவீத வாய்ப்பு என்று வானிலை அறிஞர்கள் சொன்ன நாட்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால், ஏறக்குறைய 70 சதவீத நாட்களில் மழை பெய்திருக்கும். ஆலன் மர்ஃபியும் ராபர்ட் விங்க்லரும் 1970களில் அமெரிக்க வானிலைத் துறையின் கணிப்புகளை ஆராய்ந்து இதைக் காட்டினார்கள். தம் அறிவின் எல்லையை இவ்வளவு துல்லியமாக அறிந்தவர்கள் வேறு தொழில்களில் அரிது. அவர்கள் எண்ணாகச் சொல்கிறார்கள், அது பதிவாகிறது, மறுநாளே வானம் விடை சொல்லிவிடுகிறது. அரசியல் வல்லுநர்களுக்கு இந்த மூன்றும் கிடைப்பதில்லை. ஃபிலிப் டெட்லாக் 284 வல்லுநர்களின் கணிப்புகளை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து 2005இல் வெளியிட்ட நூல், அவர்களின் துல்லியம் எவ்வளவு குறைவானது என்பதையும், தவறிய பிறகும் அவர்களின் நம்பிக்கை எப்படி அசையாமல் நின்றது என்பதையும் விவரிக்கிறது.

பிறருடைய கண்ணும் ஒரு பதிவேடுதான். சிமின் வசீர் 2010இல் ஒரே மனிதரைப் பற்றி அவரும் நண்பர்களும் தந்த மதிப்பீடுகளைச் சோதனை முடிவுகளோடு ஒப்பிட்டார். பதற்றம், தன்மதிப்பு போன்ற உள்ளே நிகழ்பவற்றில் அவரவர் சொல்வதே துல்லியம். அறிவுத்திறன், படைப்பாற்றல் போன்று கௌரவம் சம்பந்தப்பட்ட குணங்களில் நண்பர்களின் மதிப்பீடே உண்மைக்கு அருகில் இருந்தது. எதை யாரிடம் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டி இந்தத் துறையில் இல்லை.

மனவுறுதியின் கதை

தன்னை அறிவதில் உள்ள சிக்கல் தன்னை ஆள்வதிலும் தொடர்கிறது. வால்டர் மிஷல் 1960களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிங் மழலையர் பள்ளியில் தொடங்கிய சோதனை உலகம் அறிந்தது. குழந்தை முன் மார்ஷ்மெலோ மிட்டாய் போன்ற ஒரு தின்பண்டம். பெரியவர் திரும்பி வரும்வரை காத்திருந்தால் இன்னும் கூடுதலாகக் கிடைக்கும். நீண்ட நேரம் காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் தேர்வுகளில் நன்றாகச் செய்தார்கள் என்ற 1990ஆம் ஆண்டுக் கட்டுரை மிஷலின் பெயரை எங்கும் கொண்டுசேர்த்தது. குழந்தையின் மனவுறுதியைப் பார்த்தே எதிர்காலத்தைச் சொல்லிவிடலாம் என்று பெற்றோர்கள் நம்பத் தொடங்கினார்கள். அந்தக் குழந்தைகளோ எண்ணிக்கையில் குறைவு, பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குடும்பங்களின் பிள்ளைகள். டைலர் வாட்ஸ் குழுவினர் 2018இல் பலதரப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவைப் பார்த்தபோது தொடர்பு பாதியாகச் சுருங்கியது. குடும்பப் பின்னணியையும் ஆரம்பகால அறிவுத்திறனையும் கணக்கில் எடுத்தபோது எஞ்சியதிலும் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது.

ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் செலஸ்ட் கிட் 2013இல் செய்த சிறிய சோதனை இன்னொரு கதவைத் திறந்தது. சோதனைக்கு முன், நல்ல வண்ணப் பொருள்கள் கொண்டுவருவதாகக் குழந்தைகளுக்குச் சொல்லப்பட்டது. ஒரு பாதிக்கு வாக்குக் காப்பாற்றப்பட்டது. மறு பாதிக்கு, இல்லை என்று கைவிரிக்கப்பட்டது. பிறகு தின்பண்டச் சோதனை. வாக்குக் காப்பாற்றப்பட்டவர்கள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் மூன்று நிமிடம். சொன்னது நடக்காத உலகில் வளரும் குழந்தைக்குக் கையில் இருப்பதைச் சாப்பிட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

மிஷலின் ஆய்வில் உண்மையில் மதிப்பு மிக்க பகுதி வேறிடத்தில் இருந்தது. தின்பண்டத்தை மூடி வைத்தபோதும், வேறு இனிய விஷயத்தை நினைக்கச் சொன்னபோதும், மார்ஷ்மெலோவை வெண்மேகமாகக் கற்பனை செய்யச் சொன்னபோதும் அதே வயதுக் குழந்தைகள் பல மடங்கு நேரம் காத்திருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அதையே பார்த்திருந்தவர்கள் தோற்றார்கள்.

பல்லைக் கடிக்கும் மனவுறுதிக்கும் ஒரு கோட்பாடு இருந்தது. ராய் பௌமைஸ்டர் குழுவினர் 1998இல், பசியோடு வந்த மாணவர்கள் முன் சாக்லேட் பிஸ்கட்டும் முள்ளங்கியும் வைத்து, சிலரை முள்ளங்கி மட்டும் தின்னச் சொன்னார்கள். பிறகு தீர்க்கவே முடியாத புதிர்களைக் கொடுத்தபோது, முள்ளங்கி தின்றவர்கள் சுமார் 8 நிமிடத்திலும் மற்றவர்கள் சுமார் 19 நிமிடத்திலும் கைவிட்டார்கள். மனவுறுதி என்பது பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் சேமிப்பு என்ற முடிவு நூற்றுக்கணக்கான ஆய்வுகளுக்கு வித்தானது. 2016இல் 23 ஆய்வகங்கள், 2,141 பேரை வைத்து முன்கூட்டியே வகுத்த ஒரே நெறிமுறையில் சோதித்தபோது விளைவு பூஜ்யத்தை ஒட்டி நின்றது. கிருஷ்ணா சவானியும் வெரோனிகா யோப்பும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இந்தியர்களுக்குச் சுவையானது. இந்தியப் பங்கேற்பாளர்களிடம், கடினமான மன உழைப்புக்குப் பின் அடுத்த வேலையில் திறன் கூடியது. மன உழைப்பு ஆற்றலைத் தரும் என்ற நம்பிக்கை இங்கே பரவலாக இருப்பதோடு அவர்கள் இதைத் தொடர்புபடுத்தினார்கள்.

சுயகட்டுப்பாடு மிக்கவர்கள் அப்படியானால் என்னதான் செய்கிறார்கள்? வில்ஹெல்ம் ஹாஃப்மன் குழுவினர் ஜெர்மனியின் வூர்ட்ஸ்புர்க் பகுதியில் 205 பேருக்குக் கைக்கருவி கொடுத்து, நாளில் பலமுறை அழைத்து, இப்போது எதற்கு ஆசைப்படுகிறீர்கள், அதை எதிர்த்துப் போராடுகிறீர்களா என்று கேட்டார்கள். 2012இல் வெளியான முடிவு பலரையும் திரும்பிப் பார்க்கவைத்தது. சுயகட்டுப்பாட்டில் உயர்ந்தவர்கள் ஆசைகளோடு போராடிய தருணங்கள் குறைவு. அவர்கள் சோதனைக்கு ஆளாகும் இடத்துக்கே குறைவாகப் போனார்கள். பலவீனத்தை அறிந்து, அதற்கேற்ப நாளையும் அறையையும் வழியையும் அமைத்துக்கொள்பவருக்கு வீரம் காட்டும் தேவை எழுவதில்லை.

பீட்டர் கோல்விட்ஸர் முன்வைத்த ‘இது நேர்ந்தால் இதைச் செய்வேன்’ என்ற திட்டமும் அப்படிப்பட்ட முன்னேற்பாடு. 1997இல் வெளியான ஓர் ஆய்வில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஓர் அறிக்கை எழுதி அனுப்ப வேண்டிய மாணவர்களில், எங்கே எப்போது எழுதுவோம் என்று முடிவு செய்தவர்களில் முக்கால்வாசிப் பேரும் செய்யாதவர்களில் மூன்றில் ஒரு பங்கினரும் குறித்த காலத்தில் எழுதினார்கள். களத்தில் பலன் இதைவிட அடக்கமானது. கேத்தரின் மில்க்மன் குழுவினர் ஒரு நிறுவன ஊழியர்களிடம், காய்ச்சல் தடுப்பூசிக்கு வரும் நாளையும் நேரத்தையும் எழுதி வைக்கச் சொன்னபோது, போட்டுக்கொண்டவர்கள் 33 சதவீதத்திலிருந்து 37 சதவீதமானார்கள். செலவே இல்லாத ஒரு சிறு வேலைக்கு இந்த நான்கு சதவீதமும் மதிக்கத்தக்கதே.

தம்மைத் தாமே கட்டிப்போட்டுக்கொள்ளும் ஏற்பாடுகள் இன்னும் வலுவானவை. பிலிப்பைன்ஸில் நாவா அஷ்ரஃப், டீன் கார்லன், வெஸ்லி யின் மூவரும், தாமே வைத்த இலக்கை எட்டும்வரை பணம் எடுக்க முடியாத ஒரு சேமிப்புக் கணக்கை வங்கி வாடிக்கையாளர்களுக்கு அறிமுகம் செய்தார்கள். கூடுதல் வட்டி கிடையாது. 28 சதவீதம் பேர் சேர்ந்தார்கள். ஓராண்டில், அந்த வாய்ப்பு அளிக்கப்பட்ட குழுவின் சேமிப்பு மற்றவர்களோடு ஒப்பிடுகையில் 81 சதவீதம் உயர்ந்தது. சென்னையில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் 229 பேரிடம் ஃபிராங்க் ஷில்பாக் நடத்திய ஆய்வு 2019இல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’வில் வெளியானது. தினமும் வந்து மூச்சுப் பரிசோதனை செய்துகொண்டு, குடிக்காமல் இருந்தால் கூடுதல் பணம் என்ற ஏற்பாடு, பகல்நேரக் குடியைக் குறைத்து, சேமிப்பைச் சுமார் 60 சதவீதம் உயர்த்தியது. நிபந்தனையில்லாமல் கிடைக்கும் பணத்தை விட்டுக்கொடுத்து, குடிக்காமல் இருந்தால் மட்டுமே கிடைக்கும் பணத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டவர்கள் அவர்களில் கணிசமானவர்கள். உடல் வலிக்க உழைத்து, அந்த வலிக்காகவே குடிக்க நேரும் தொழிலாளர்கள் தம் பலவீனத்தை அறியாதவர்கள் என்று எண்ணுவது எவ்வளவு பெரிய அநீதி என்பதை இந்த ஒரு முடிவு சொல்லிவிடுகிறது. அவர்களுக்கு இல்லாதது தன்னறிவு அன்று, கைகொடுக்கும் ஏற்பாடு.

சூழ்நிலை எவ்வளவு கனமானது என்பதற்கும் தமிழ்நாட்டிலிருந்தே சான்று உண்டு. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் நால்வரும் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளை, அறுவடைக்கு முன் கையில் பணமில்லாத வாரங்களிலும், அறுவடைப் பணம் வந்த பின்னும் சோதித்தார்கள். அதே மனிதர், அதே வகைத் தேர்வு; பணத்துக்கு முந்தைய வாரங்களில் சிந்தனைத் திறனும் கவனக் கட்டுப்பாடும் குறைந்திருந்தன. 2013இல் வந்த இந்த முடிவைப் பற்றியும் புள்ளியியல் விவாதங்கள் நடந்தன. ஆனால் சுயகட்டுப்பாட்டை ஒருவரின் குணமாக மட்டும் பார்த்து, வறியவரைக் குறைசொல்லும் வழக்கத்தின் மீது அது எழுப்பிய கேள்வி நிற்கிறது.

ஆய்வாளர்களும் மனிதர்களே

தமக்குப் பிடித்த கருத்துக்குச் சாதகமான சான்றை எளிதில் ஏற்பது ஆய்வாளர்களிடமும் உண்டு. 2015இல் பிரையன் நோசெக் தலைமையில், உளவியல் இதழ்களில் வெளியான 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது 36 சதவீதமே புள்ளியியல் அளவில் தேறின. மற்றவர்கள் பொய் சொன்னார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. தரவைப் பல விதமாகப் பார்த்து, பொருந்தி வந்ததை நேர்மையாகவே நம்பி எழுதியவர்கள் பலர். சாதகமான முடிவுகளை மட்டும் அச்சிடும் வழக்கம் இதழ்களிடமும் இருந்தது.

இதற்குக் கண்ட மாற்றும் முன்னேற்பாடுதான். என்ன சோதிக்கப்போகிறோம், எத்தனை பேரை வைத்து, எந்தக் கணக்கு முறையில் என்பதைத் தரவு திரட்டும் முன்பே எழுதி இதழுக்கு அனுப்ப வேண்டும். அந்தத் திட்டத்தை மதிப்பிட்டு இதழ் ஏற்றுக்கொண்டால், முடிவு எப்படி வந்தாலும் கட்டுரை வெளியாகும். 2013இல் ‘கார்டெக்ஸ்’ இதழ் இதைத் தொடங்கியது. இன்று நூற்றுக்கணக்கான இதழ்களில் இந்த முறை இருக்கிறது. அன்னே ஷீல் குழுவினர் 2021இல் இரண்டு வகைக் கட்டுரைகளையும் ஒப்பிட்டார்கள். வழக்கமான முறையில் வந்த உளவியல் கட்டுரைகளில் 96 சதவீதம், ஆய்வாளர் எதிர்பார்த்ததே நடந்தது என்று அறிவித்தன. முன்கூட்டியே பதிவு செய்து வந்தவற்றில் அது 44 சதவீதம்.